பல்லை மூடிய மெஷின்

தையல் மெஷினில் துணியை நகர்த்துவது நம் கை இல்லை. ஊசித் தகட்டின் பிளவுகளுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கிற இரும்புப் பல்தான் நகர்த்துகிறது. ஒவ்வொரு குத்துக்கும் பல் மேலே எழும்பி, துணியைக் கவ்வி, ஒரு தையல் தூரம் பின்னுக்குத் தள்ளிவிட்டுக் கீழே இறங்கும். மேலேயிருந்து ஃபுட் அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும். தையல் படிக்க வரும் பெண்ணிடம் முதல் நாள் சொல்வதே, "துணிய இழுக்காத, அது தானாப் போகும்" என்பதுதான். 1980களில் கோவில்பட்டியில் ஒரு மாடி அறையில் நான் தையல் படித்தபோது எனக்கும் அதைத்தான் சொன்னார்கள்.

அந்த வகுப்பில் பாதிப் பேர் காலையில் தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கிவிட்டு மத்தியானத்துக்கு மேல் வருகிறவர்கள். (தொழிற்சாலை என்று எங்கள் ஊரில் யாரும் சொல்வதில்லை. தீப்பெட்டி என்றாலும் பட்டாசு என்றாலும் அது ஆபீஸ்தான்.) குச்சி அடுக்கிப் பழகிய விரல்களுக்கு வேகம் அதிகம். ஜாக்கெட் கை மடிப்பதில் நான் திணறிக்கொண்டிருக்கும்போது அவர்கள் பட்டன் துளை போட்டு முடித்திருப்பார்கள். பாவாடை, சட்டை, ஜாக்கெட் எல்லாம் வெட்டித் தைக்க வந்த பிறகு ஒருநாள் டீச்சரக்கா மெஷினிலிருந்து ஃபுட்டைத் திருகிக் கழற்றினார். பல்லின் மேல் ஒரு சின்னத் தகட்டை வைத்து மூடினார். மர வளையத்தில் துணியை இறுக்கி ஊசிக்குக் கீழே செருகினார். "இனிமே மெஷின் குத்தும், அவ்வளவுதான். எங்க குத்தணும்னு நீதான் சொல்லணும்" என்றார். அதுதான் மெஷின் எம்ப்ராய்டரி. ரோஜாப்பூ, கிளி, திராட்சைக் கொத்து. தலையணை உறையில் 'குட் நைட்', 'ஸ்வீட் ட்ரீம்ஸ்' என்று ஆங்கிலத்தில் தைக்காமல் எங்கள் செட்டில் எந்தப் பெண்ணும் கல்யாணமாகிப் போனதில்லை. ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத மாமியார்கள்கூட அதை வந்தவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டினார்கள்.

பிறகு பல வருஷம் அந்தத் தகடு டிராயருக்குள் பாபின்களோடு கிடந்தது. தங்கை மகள் தலைப்பிரசவத்துக்கு ஊருக்கு வந்தபோதுதான் அதற்கு மறுபடி வேலை வந்தது. அவள் வரும்போது சின்னதாக ஒரு ஸ்பிரிங் வைத்த ஃபுட்டும், க்வில்ட் என்கிற அடுக்குப் போர்வைகளின் படங்கள் நிறைந்த தடித்த புத்தகம் ஒன்றும் கொண்டுவந்திருந்தாள். "பெரியம்மா, இது புது டெக்னிக். ஃப்ரீ மோஷன் க்வில்ட்டிங். பிள்ளைக்கு ஒண்ணு இதுல தச்சுக் குடுங்க" என்றாள். படத்தைப் பார்த்தேன். பல் கிடையாது. கை துணியை நகர்த்துகிறது, ஊசி நிற்காமல் குத்துகிறது. டீச்சரக்கா மாடி அறையில் காட்டியதேதான். ஆனால் எம்ப்ராய்டரியில் ஒரு துணி. இதில் மூன்று அடுக்கு. வளையமும் கிடையாது. அந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பது உட்கார்ந்து தைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

பழைய துணிகளை அடுக்கித் தைத்த போர்வை எங்கள் கரிசல் காட்டுக்குப் புதிதில்லை. ஆச்சி விளாத்திகுளம் பக்கத்துக்காரி. பருத்தி எடுப்பு முடிந்து, பருத்திமாரைப் பிடுங்கி விறகுக்குக் கட்டி, காடு வெறுமனே வெடித்துக் கிடக்கும் கோடை மாதங்களில்தான் அவளுக்குப் போர்வை தைக்க நேரம் கிடைக்கும். நைந்த நூல் சேலையை இரண்டாக மடித்து, உள்ளே வேட்டியோ கிழிந்த சாரமோ வைத்து, திண்ணையில் விரித்து, நான்கு மூலையிலும் கல் வைப்பாள். பிறகு ஓட்டுத் தையல். ஓரத்திலிருந்து ஓரம் போய், திரும்பி, மறுபடி ஓரம். தையல் வரிசைகளுக்கு நடுவே உள்ளங்கை அகலம் விட்டிருப்பாள். பக்கத்து வீட்டு அக்காக்கள் வந்து உட்கார்ந்தால் அவர்கள் கையிலும் ஊசி போய்விடும். யார் தைத்த வரிசை எது என்று பிறகு பார்த்தாலும் சொல்லிவிடலாம், ஒவ்வொருத்தி கையும் ஒவ்வொரு விதம். அதை யாரும் கைவினை என்று நினைக்கவில்லை. மார்கழிப் பனிக்கு ஒரு போர்வை வேண்டும், பிள்ளைக்கு ஒரு விரிப்பு வேண்டும், கடையில் வாங்கக் காசில்லை. அவ்வளவுதான் அதற்குக் காரணம்.

ஆச்சிக்கு மெஷின் தையலில் நம்பிக்கை இருந்ததில்லை. "மெஷினு தச்சா துணி அறுந்துபோகும் தாயி" என்பாள். அப்போது அதைக் கிழவி பேச்சு என்று விட்டுவிட்டோம். பிறகு தைத்துத் தைத்து அறிந்துகொண்டது, அவள் சொன்னதில் சரியான கணக்கு இருக்கிறது. மெஷின் தையல் நெருக்கமானது. வரிசையாக ஓட்டை போட்டுக்கொண்டே போகும். துணி ஏற்கெனவே நைந்தது. அதில் பாலியெஸ்டர் நூலைப் போட்டு இறுக்கினால், நூல் அறாது, துணிதான் அறும். தையல் வரியோடு வரியாகக் கிழியும். எப்போதும் தைக்கிற நூல் தைக்கப்படும் துணியைவிடக் கொஞ்சம் பலம் குறைந்ததாக இருக்கவேண்டும். நூல் அறுந்தால் மறுபடி தைக்கலாம், துணி அறுந்தால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் பிள்ளைக்கான விரிப்புக்கு முழுப் பருத்தி நூல்தான் என்று முதலிலேயே முடிவு செய்தேன்.

அதைவிடப் பெரிய கேள்வி உள்ளே என்ன வைப்பது என்பது. புத்தகத்தில் எல்லாப் படத்திலும் உள்ளே வெள்ளையாக ஒரு பஞ்சுப் படலம் இருந்தது. பாலியெஸ்டர் படலம் கடையில் கிடைக்கும், விலையும் குறைவு. கோவில்பட்டி வெயிலில் அதை ஒரு பச்சைப்பிள்ளைக்குக் கீழே விரிக்க எனக்கு மனமில்லை. வியர்வையை அது குடிக்காது. நம் வீட்டு மெத்தையில் இருக்கிற இலவம் பஞ்சு இதற்கு உதவாது. இலவம் இழை வழவழப்பானது, மெழுகுத்தன்மை உள்ளது. ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாது. மெத்தை உறைக்குள் அடைத்தால் சுகமாக இருக்கும், போர்வைக்குள் வைத்தால் இரண்டு துவைப்பில் மூலைக்குப் போய் உருண்டுகொள்ளும். பருத்தி இழை அப்படியில்லை, காயும்போது முறுக்கிக்கொண்டு பக்கத்து இழையைப் பற்றிக்கொள்கிறது. அதனால்தான் அது நூலாகிறது.

பஞ்சுக்கு அலையவேண்டிய ஊரா இது? 1901இல் இங்கே வேளாண் ஆராய்ச்சிப் பண்ணை தொடங்கியதே இந்தக் கரிசலையும் அதில் விளைகிற பருத்தியையும் வைத்துத்தான். கருங்கண்ணி எங்கள் நாட்டுப் பருத்தி. தண்ணீர் பாய்ச்ச வேண்டாம், ஐப்பசி, கார்த்திகை மழையைக் கரிசல் உறிஞ்சி வைத்துக்கொள்ளும், அதைக் குடித்தே காய்த்துவிடும். இழை குட்டை, சற்று முரடு. நயமான நூல் நூற்க மில்காரர்களுக்கு நீள இழை வேண்டும், அதனால் கருங்கண்ணியின் மதிப்பு இறங்கிக்கொண்டே போனது. ஆனால் அமுங்கினாலும் எழும்பி நிற்கிற அந்த முரட்டுத்தனம்தான் போர்வைக்குள் வைக்கத் தோதானது. அதைக் கேட்டுப் போனால் இப்போது காட்டில் மக்காச்சோளம் நிற்கிறது. அங்கங்கே கொஞ்சம் பேர் கருங்கண்ணி விதைக்கிறார்கள். அதைக் கொட்டை நீக்கி, அடித்து, படலமாக விரித்துக் கொடுக்க ஆளைத் தேடுவது தனி வேலை. பிரசவ நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் ஆச்சி செய்ததே சரி என்று, நைந்த மல் வேட்டியை இரண்டு மடிப்பாக உள்ளே வைத்தேன். அடியில் காடாத்துணி. மேலே ஆச்சியின் சுங்குடிச் சேலை ஒன்று, அரக்கு நிறத்தில், முந்தானை முழுசாக இருந்தது. உடம்புப் பகுதியில் நல்ல இடங்களாகப் பார்த்து வெட்டிச் சேர்த்துக்கொண்டேன். காடா மட்டும் புதுசு. புதுக் காடா முதல் துவைப்பில் சுருங்கும், நைந்த சேலை சுருங்காது. அப்படியே தைத்தால் விரிப்பு கொப்புளம் கொப்புளமாக எழும்பிவிடும். ஒரு ராத்திரி முழுக்கக் காடாவை ஊறவைத்து அலசிக் காயப்போட்டுத்தான் எடுத்தேன்.

புத்தகத்தில் ஒரு அத்தியாயத்தைத் தங்கை மகள் எனக்கு வாசித்து மொழிபெயர்த்துச் சொன்னாள். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற ஊர். ஆறு வளைந்து மூன்று பக்கமும் சூழ்ந்த கிராமம். அடிமைகளாகப் பருத்திக் காட்டுக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததிகள் அங்கே இருக்கிறார்கள். அந்தப் பெண்கள் வயல் வேலைக்குப் போட்டுக் கிழிந்த பேண்ட், சட்டைகளை வெட்டிப் போர்வை தைத்தார்கள், குளிருக்கு. அந்தப் போர்வைகள் 2002இல் ஹூஸ்டன் நகர அருங்காட்சியகத்தில் சுவரில் மாட்டப்பட்டன, பிறகு நியூயார்க் போயின. 2006இல் அமெரிக்க அரசு அவற்றுக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. இதையெல்லாம்விட என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது வேறொன்று. அந்த வட்டாரத்துக்கே கறுப்பு மண்ணை வைத்துத்தான் பெயர். பிளாக் பெல்ட் என்கிறார்கள். அதுவும் ஒரு கரிசல் காடுதான்!

அந்தக் கரிசலுக்கும் இந்தக் கரிசலுக்கும் ஏற்கெனவே ஒரு கணக்குவழக்கு உண்டு. 1861இலிருந்து 1865 வரை அங்கே உள்நாட்டுப் போர் நடந்தபோது இங்கிலாந்து மில்களுக்கு அமெரிக்கப் பஞ்சு நின்றுபோனது. அப்போது நம் பஞ்சுக்கு விலை ஏறியது. 'டின்னவெல்லி' என்ற பெயரில் தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து கப்பலேறியதில் எங்கள் கரிசல் பருத்தியும் சேர்த்திதான். போர் முடிந்து அங்கே பருத்தி மறுபடி விளைந்ததும் விலை கீழே வந்தது. 1880களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்தில் மில் தொடங்கினார்கள், பிறகு தூத்துக்குடி, மதுரை. கோவில்பட்டியிலும் மில் வந்தது. காட்டில் எடுத்த பஞ்சு ஊருக்குள்ளேயே நூலானது. ஆனாலும் பருத்தி எடுத்த பெண்கள் அங்கேயும் இங்கேயும் கிழிசலைத்தான் தைத்துப் போர்த்தினார்கள். ஜீஸ் பெண்ட் போர்வைகள் சுவருக்குப் போயின. எங்கள் வீட்டுப் போர்வைகள் முதலில் பிள்ளை விரிப்பாகி, பிறகு சாக்கு மேல் விரிப்பாகி, பிறகு அடுப்படியில் சட்டி இறக்கும் கரித்துணியாகி, குப்பைக்குழியில் மக்கி, காட்டுக்கே எருவாகப் போய்ச் சேர்ந்தன. ஆச்சி தைத்ததில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. கடைசி இழை வரை உழைத்துத் தீர்ந்த பொருளை நினைத்து நான் பெரிதாக வருத்தப்படவில்லை. ஆனால் ஒன்றாவது இருந்திருந்தால் அந்தத் தையல் இடைவெளியை அளந்து பார்த்திருப்பேன்.

என்ன டிசைன் போடுவது? புத்தகம் சொன்னது நெளிநெளியாகக் கோடு ஓட்டுவது. ஒன்றையொன்று தொடாமல், எங்கேயும் நிற்காமல். கோடு ஓரிடத்தில் முடிந்தால் நூலை அறுத்து முடிச்சுப் போடவேண்டும். முடிச்சு எல்லாம் பிள்ளை உடம்பில் உறுத்தும். ஆக, கோடு நடுவில் அறுந்துபோகக் கூடாது. அப்படியென்றால் வாசலில் போடுகிற சிக்குக்கோலம் எதற்கு இருக்கிறது? புள்ளியைச் சுற்றிச் சுற்றி வந்து, தன்னைத் தானே குறுக்கே வெட்டி, தொடங்கின இடத்திலேயே முடிகிற கோடு. ஆனால் எல்லாச் சிக்குக்கோலமும் ஒரே கம்பியில் முடியாது. சிலதுக்கு இரண்டு, சிலதுக்கு ஐந்து கம்பி வேண்டும். இதற்குள் கணக்கு உண்டு. தாம்பரம் கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் கோலத்தை வைத்து 1974இலேயே கணினி இலக்கணக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். எனக்கு வேண்டியது அவ்வளவு பெரிய கணக்கு இல்லை. செவ்வகமாக நேர்ப்புள்ளி வைத்துச் சாதாரணமாகப் பின்னும்போது, நீளப் புள்ளியையும் அகலப் புள்ளியையும் ஒன்றைத் தவிர வேறு எந்த எண்ணாலும் சேர்ந்து வகுக்க முடியாது என்றால் முழுக்கோலமும் ஒரே கம்பி. 8க்கு 6 வைத்தால் இரண்டு கம்பி. 5க்கு 5 வைத்தால் ஐந்து. 9க்கு 7 வைத்தால் ஒன்று. விரிப்பு 40 அங்குலத்துக்கு 30 அங்குலம். 4 அங்குலத்துக்கு ஒரு புள்ளி என்று 9 நீளம், 7 அகலம் வைத்தால் ஓரத்துக்கும் இடம் மிஞ்சியது. தாளில் விரலால் ஓட்டிப் பார்த்தேன். மூலையில் தொடங்கி, எல்லாப் புள்ளியையும் சுற்றிவிட்டு அதே மூலைக்கு வந்தது.

அந்தக் காலத்தில் டிசைனைத் துணியில் இறக்க டிரேஸிங் பேப்பரில் ஊசியால் ஓட்டை போட்டு, நீலப்பொடியை மண்ணெண்ணெயில் குழைத்துப் பஞ்சால் தேய்ப்போம். வகுப்பறை முழுக்க மண்ணெண்ணெய் வாசம்தான். பிள்ளை விரிப்புக்கு அது வேண்டாம் என்று தையல் சாக்பீஸால் புள்ளி மட்டும் வைத்தேன். கோடு எதற்கு, கைக்குத்தான் வழி தெரியுமே.

மூன்று அடுக்கையும் தரையில் விரித்து, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவி, ஊக்கு குத்தினேன். வீட்டில் இருந்த ஊக்கு போதவில்லை. தங்கை தன் வளையலில் கோத்திருந்ததையும் கழற்றிக் கொடுத்தாள். சாதாரண தையலில் இவ்வளவு ஊக்கு குத்தினாலும் அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று நழுவும். காரணம் பல்தான். அது கவ்வுவது அடித்துணியை மட்டும். மேல்துணி ஃபுட்டில் உரசிப் பின்தங்கும். கோடு முடிகிற இடத்தில் மேல்துணி சுருண்டு நிற்கும். குறுக்கு வாட்டத்தில் தைத்தால் இன்னும் மோசம், துணி இழுபடும். மேலேயும் பல் வைத்த 'வாக்கிங் ஃபுட்' என்று ஒன்று இருக்கிறது. மேலும் கீழும் சேர்ந்து நகர்த்தும், நேர்கோட்டுக்கு நன்றாக வரும். கோலத்துக்கு அது ஆகாது. ஒவ்வொரு வளைவுக்கும் மொத்த விரிப்பையும் ஊசியைச் சுற்றித் திருப்பவேண்டும். பல்லை மூடிவிட்டால் எந்தத் துணியையும் யாரும் தள்ளவில்லை, மூன்றும் ஒன்றாக என் உள்ளங்கைக்குக் கீழே போகும். விரிப்பைத் திருப்பவே வேண்டாம். முன்னால், பின்னால், பக்கவாட்டில் எங்கே வேண்டுமானாலும் நகர்த்தலாம். இந்தத் தொழில்நுட்பத்தின் முழு லாபமும் இந்த ஒன்றில் இருக்கிறது.

சில மெஷினில் தலையைச் சாய்த்து அடியில் ஒரு திருகைத் தளர்த்தினால் பல் கீழே இறங்கிவிடும். என்னுடைய பழைய உஷாவில் அது கிடையாது. பழைய தகட்டையே மாட்டினேன். தங்கை மகள் கொண்டுவந்த ஸ்பிரிங் ஃபுட் பொருந்தியது. ஊசி ஏறும்போது அதுவும் துள்ளி ஏறும், அப்போது துணி விடுபட்டு நகரும். ஊசி இறங்கும்போது அதுவும் இறங்கித் துணியைத் தட்டிப் பிடிக்கும். ஃபுட்டே இல்லாமல் தைக்கிறவர்களும் உண்டு, ஆனால் அப்போதும் ஃபுட் இறக்கும் லீவரை இறக்கத்தான் வேண்டும். லீவர் மேலே இருந்தால் டென்ஷன் தட்டுகள் நூலைப் பிடிக்காது. அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சுற்றிக்கொள்ளும். டீச்சரக்கா இதை எங்களுக்குத் தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுத்தார்.

மெஷினுக்கு மோட்டார் மாட்டி வெகுநாளாயிற்று. இதற்காகப் பெல்ட்டை மாற்றி மறுபடி மிதிக்கு வந்தேன். ஃப்ரீ மோஷனில் தையல் நீளத்தைத் தீர்மானிப்பது இரண்டு வேகம். ஊசி குத்துகிற வேகம், கை நகர்கிற வேகம். ஊசி வேகமாகவும் கை மெதுவாகவும் போனால் தையல் பொடிப்பொடியாக விழும். கை முந்தினால் நீள நீளமாக விழும். சிறிய மோட்டாரில் பெடலைத் தொட்டதும் ஒரு பாய்ச்சல் இருக்கிறது, அதற்குக் கை ஈடுகொடுக்க முடியவில்லை. மிதியில் கால் ஒரு தாளம் பிடித்துவிட்டால் அது மாறுவதில்லை. பிறகு கையை மட்டும் கவனித்தால் போதும். பழைய மிதி மெஷினை எடைக்குப் போடாமல் வைத்திருப்பவர்களுக்கு இது நல்ல செய்தி.

விரல் வழுக்கியது. வெளிநாட்டில் அதற்கென்று கையுறை விற்கிறார்களாம். நான் சைக்கிள் டியூபை மெல்லிய வளையமாக நறுக்கி விரல்நுனியில் மாட்டிக்கொண்டேன். முதலில் ஒரு துண்டுத் துணியில் பழகினேன். பிறகு விரிப்புக்குப் போனேன். அடிநூலை முதல் குத்திலேயே மேலே இழுத்து எடுத்துவிட்டு, இரண்டு நூலையும் பிடித்துக்கொண்டு தொடங்கவேண்டும். புத்தகம் நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகச் சொல்கிறது, சுருக்கம் வெளியே தள்ளப்படும் என்று. ஒரே கம்பிக் கோலத்தில் அதற்கு வழியில்லை, குறுக்கும் நெடுக்குமாகப் போய்த்தான் ஆகவேண்டும். அதற்காகத்தான் அவ்வளவு ஊக்கு. வளைவில் கை தன்னையறியாமல் வேகமெடுக்கும். அப்போது அடிநூல் மேலே புள்ளியாக எட்டிப் பார்க்கும். மேல்நூல் டென்ஷனைக் கொஞ்சம் தளர்த்தி, மேலேயும் கீழேயும் ஒரே அரக்கு நூல் போட்டால் கண்ணில் படாது. பார்வை ஊசியில் இருக்கக்கூடாது, அடுத்துப் போகவேண்டிய புள்ளியில் இருக்கவேண்டும். கோலம் போடுகிறவளுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. கோல மாவு விழுகிற விரலை யாரும் பார்ப்பதில்லை.

வாசலில் கோலம் போடும்போது வாசல் நிற்கிறது, மாவோடு கை நகர்கிறது. இங்கே ஊசி நிற்கிறது, வாசல் நகர்கிறது. இந்தத் தலைகீழ் பழக ஒரு பொழுது ஆனது. பழகிய பிறகு தங்கை பக்கத்தில் வந்து உட்கார்ந்து கதை பேசினாலும் கை போய்க்கொண்டே இருந்தது. "ஏட்டி, இது ஒனக்கு முன்னாலயே தெரியுமா?" என்று கேட்டாள். பாதி தெரியும் என்றேன்.

மெஷினில் தைத்தால் அது க்வில்ட்டே இல்லை என்று அமெரிக்காவில் ஒரு காலத்தில் பெரிய சண்டை நடந்திருக்கிறது. 1989இல் கென்டக்கி மாநிலம் படுக்கா நகரில் நடந்த தேசியப் போட்டியில் கேரில் பிரையர் ஃபாலர்ட் என்பவர் மெஷினில் தைத்த போர்வைக்கு முதல் பரிசு கொடுத்தார்கள். அதற்கு முன் அந்தப் பரிசு கைத்தையலுக்கே போய்க்கொண்டிருந்தது. கைத்தையல்காரர்களில் பலருக்குக் கோபம். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் பரிசுக்காகத் தைக்கிறவர்கள் மெஷின் கிடைத்ததும் செய்த ஒரு காரியத்தோடு எனக்கு உடன்பாடில்லை. சும்மா விட ஒரு அங்குலம் இல்லாமல் நெருக்கி நெருக்கித் தைக்கிறார்கள். புத்தகத்தில் பாதிப் படம் அப்படித்தான். கண்ணுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. சுவரில் மாட்ட அது சரி. உடம்பில் போட?

அதையும் சோதித்துப் பார்த்தேன். அதே மூன்று அடுக்கில் இரண்டு சின்னச் சதுரம் எடுத்து, ஒன்றில் கால் அங்குல இடைவெளியில் நெளிநெளியாக நிரப்பினேன். இன்னொன்றில் கோலம் விடுகிற அளவுக்கு இடம் விட்டேன். இரண்டையும் சோப்புப் போட்டு அலசி வெயிலில் போட்டேன். நெருக்கமாகத் தைத்தது காய்ந்ததும் அப்பளம் மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. மற்றது கைக்குள் சுருண்டது. வருஷக்கணக்காகத் துவைத்துத் துவைத்து ஆச்சி சேலைக்கு வந்த மென்மையை நூலால் அடைத்துவிட்டால், பிறகு எதற்காகப் பழைய சேலையைத் தேடுவது? புதுத் துணியையே வாங்கித் தைக்கலாம். உள்ளங்கை அகலம் விட்டுத் தைத்தவளுக்கு இது தெரிந்திருந்தது. பஞ்சுப் படலம் உள்ளே இருந்தால் அது நகராமலிருக்க நெருக்கம் கொஞ்சம் வேண்டும்தான். வேட்டியும் சேலையும் எங்கேயும் நகர்ந்து போகாது.

பிள்ளை பிறந்தது, பெண். விரிப்பு நாள் தவறாமல் துவைபட்டது. கோலம் குலையவில்லை, நூல் அறவில்லை, சுங்குடியின் ஒரு மூலையில் நைந்த இடம் மட்டும் இன்னும் நைந்திருக்கிறது. அந்த இடத்துக்குக் கையால் ஓட்டுத் தையல் போட்டுக் கொடுத்தேன். மெஷினுக்குப் பல்லை மூடுவது நல்ல முறைதான், மிதி மெஷினுக்கு இன்னும் நல்ல முறை. ஆனால் நைந்து இற்றுப்போன துணிக்குக் கை ஊசிதான் சரி. அதில் ஆச்சி கட்சி நான்.

பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிறவர் உங்கள் தெருவுக்கு வந்தால் பூனம் சேலைகளையும் நைலக்ஸ் சேலைகளையும் தாராளமாகப் போடுங்கள். நூல் சேலையையும் மல் வேட்டியையும் மட்டும் எடுத்து வையுங்கள். முதலில் தலையணை அளவுக்கு ஒன்று தைத்துப் பாருங்கள்: 5 புள்ளி நீளம், 4 புள்ளி அகலம், பருத்தி நூல், 14ஆம் நம்பர் ஊசி. 5க்கும் 4க்கும் ஒரே கம்பிதான் வரும்.